இளங்கலையில் குழந்தை உளவியல்: எதை முதலில் செய்வது, எங்கே இடறுவீர்கள்

பி.எஸ்சி. உளவியல் மாணவர்களின் செய்முறைப் பதிவேடுகளைச் சில ஆண்டுகளாகத் திருத்திவருகிறேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். குழந்தையின் சிந்தனை வயதோடு எப்படி வளர்கிறது என்று உளவியலாளர் பியாஜே வகுத்த நான்கு நிலைகளை மனப்பாடம் செய்துவிட்டுக் குழந்தையிடம் போவார்கள். போன இடத்தில் நிலைதான் கண்ணுக்குத் தெரியும், குழந்தை தெரியாது. பாடம் கடினமென்று சொல்ல முடியாது, வரிசைதான் மாறிப்போகிறது. அந்த வரிசையைத் திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறேன்.

1. சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள்

'குழந்தை உளவியல்' என்ற பெயரிலேயே இளங்கலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம். பி.ஏ. அல்லது பி.எஸ்சி. உளவியலில் சேர்ந்தால் 'வளர்ச்சி உளவியல்' தாள்களுக்குள் அது வந்துவிடும். பார்க்க வேண்டியது மூன்று: வளர்ச்சி உளவியல் எத்தனை தாள், செய்முறை எத்தனை பருவம், இறுதியாண்டில் புராஜெக்ட் உண்டா. செய்முறை ஒரே பருவம்தான் என்றால் களத்துக்கு நீங்களாகவே வழி தேட வேண்டியிருக்கும்.

தபால்வழியில் படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. 'புதிய சேர்க்கை' என்று யாராவது அழைத்தால் பணம் கட்டும் முன் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று. மருத்துவ உளவியலாளராகப் பணிசெய்ய இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு வேண்டும். மூன்றாண்டு பி.எஸ்சி. அந்தப் பதிவைத் தராது. வீட்டில் இதை முதல் ஆண்டிலேயே சொல்லிவிடுங்கள். இறுதியாண்டில் சொன்னால் சண்டை வரும்.

2. ஒரு நோட்டு, மூன்று பத்தி

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வருபவர்கள் முதல் பருவத்தில் தடுமாறுவது பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூலில்தான். ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் தேடினால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

நோட்டுப் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் பாடநூலின் கலைச்சொல், இரண்டாவதில் உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வரி விளக்கம், மூன்றாவதில் நீங்கள் நேரில் பார்த்த ஒரு குழந்தையின் செயல். மூன்றாம் பத்தி காலியாக இருக்கும் சொல் உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவ இறுதியில் அந்தக் காலி இடங்கள்தான் உங்கள் படிப்புப் பட்டியல்.

புள்ளியியலையும் இதே பருவத்தில் தொடங்கிவிடுங்கள். சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன), டி-டெஸ்ட் (இரு சராசரிகளை ஒப்பிடுவது), கை-ஸ்கொயர் (எண்ணிக்கைகளை ஒப்பிடுவது) ஆகிய நான்கும் கைக்கு வந்தால் போதும். தள்ளிப்போடுகிறவர்கள் இறுதியாண்டில் தரவைக் கணினிக் கடையில் கொடுத்து முடிவை வாங்கி வருகிறார்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

3. கோட்பாட்டுக்கு முன் ஒரு குழந்தையைப் பாருங்கள்

வளர்ச்சி உளவியல் தாள் தொடங்கும் முன், வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரே குழந்தையை வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், ஆறு வாரம் பாருங்கள். தாய் தந்தையிடம் கேட்டுவிட்டுத்தான். வெவ்வேறு குழந்தைகளை ஒவ்வொரு முறை பார்த்தால் மாற்றம் பிடிபடாது. ஒரே குழந்தை என்றால் மூன்றாம் வாரத்தில் ஒரு புதுச் சொல், ஐந்தாம் வாரத்தில் ஒரு புது விளையாட்டு என்று தானாகக் கண்ணில் படும்.

முதலில் வயதைச் சரியாகக் குறியுங்கள். "நாலு நடக்குது" என்று அம்மா சொன்னால் மூன்று முடிந்து நான்காவது ஓடுகிறது என்று பொருள். மாணவர்கள் அதை அப்படியே '4 வயது' என்று எழுதிவிடுகிறார்கள். சில வீடுகளில் நான்கு முடிந்ததையும் அப்படியே சொல்வதுண்டு. பிறப்புச் சான்றிதழையோ அங்கன்வாடிப் பதிவேட்டையோ பார்த்து ஆண்டு, மாதம் என்று கணக்கிடுங்கள். இந்த வயதில் பத்து மாத வித்தியாசம் பெரிய வித்தியாசம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையென்றால், இரண்டு வயது வரை எத்தனை வாரம் முன்கூட்டிப் பிறந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்துப் பார்ப்பது வழக்கம்.

அடுத்து, எழுதும் மொழி. 'சமத்து', 'வாலு', 'கூச்ச சுபாவம்', 'அடம்' என்ற சொற்களை ஆறு வாரத்துக்கு விலக்கி வையுங்கள். இவை நம் வீட்டில் நாள் முழுக்கப் புழங்கும் சொற்கள் என்பதால், தீர்ப்பு சொல்கிறோம் என்ற உணர்வே நமக்கு இருக்காது.

ஒரு பதிவேட்டில் இப்படி இருந்தது: "குழந்தை பொம்மைக்காக அடம் பிடித்தாள்." அதே மாணவியை மறுநாள் மறுபடி எழுதச் சொன்னேன். இப்படி வந்தது: "அண்ணன் கையிலிருந்த பொம்மையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். அவன் திரும்பிக்கொண்டான். அம்மாவைப் பார்த்தாள். அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே இருமுறை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்." முதல் வாக்கியத்தில் ஆராய ஒன்றுமில்லை. இரண்டாவதில் வேண்டிய அளவு இருக்கிறது: யாரிடம் உதவி தேடினாள், அழுகை யாருக்கானது, எந்த வரிசையில் நடந்தது.

பக்கத்தின் இடப்புறம் நடந்ததையும் வலப்புறம் உங்கள் ஊகத்தையும் எழுதுங்கள். ஊகத்துக்குத் தடையில்லை, இடம்தான் வேறு. குழந்தையின் பேச்சை எழுத்துநடைக்கு மாற்றவும் கூடாது. "அம்மா வந்துச்சு" என்பதை "அம்மா வந்தார்" என்று திருத்திவிட்டால் மொழி வளர்ச்சிக்கான தரவு அழிந்துபோயிற்று.

4. இப்போது கோட்பாடு, அதுவும் சோதனை வழியாக

பியாஜேயின் நான்கு நிலைகளின் வயது எல்லை: 0-2, 2-7, 7-11, 11-க்கு மேல். இந்த அட்டவணையைப் பாதி மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அதனால்தான் ஆபத்து. எந்தச் சோதனையில் குழந்தை என்ன செய்ததால் அவர் அந்த எல்லையைப் போட்டார் என்று தெரியாவிட்டால், எல்லை ஏன் நகர்கிறது என்பதும் புரியாது.

ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் ஒரு சோதனை, அதற்கு ஒரு மறுப்பு என்று இணைத்துப் படியுங்கள். மறைந்த பொருள் இன்னும் இருக்கிறது என்ற அறிவு 8 மாத வாக்கில்தான் வெளிப்படத் தொடங்குகிறது என்றார் பியாஜே. ஒளித்த பொருளைக் கை தேடுகிறதா என்பதுதான் அவருடைய அளவுகோல். ரெனே பையார்ஷோன் 1985-இல் கைக்குப் பதில் பார்வையை அளந்தார். நடக்கக் கூடாதது நடப்பதுபோலக் காட்டியபோது 5 மாதக் குழந்தைகள் அதிக நேரம் உற்றுப் பார்த்தார்கள்; மறைந்த பொருள் அங்கே இருப்பது தெரிந்ததால்தான் வியந்தார்கள் என்பது அவர் வாதம். அளக்கும் கருவி மாறியதும் வயது இறங்கியது. தேர்வில் இதை எழுதுகிறவர்கள் குறைவு.

தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பைப் பார்க்கும் மேரி எய்ன்ஸ்வொர்த்தின் 'அந்நியச் சூழல்' சோதனையை வகுப்பில் படியுங்கள், தெருவில் செய்து பார்க்காதீர்கள். 12 முதல் 18 மாதக் குழந்தையைத் தாயிடமிருந்து சற்று நேரம் பிரித்து, தாய் திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்று பார்க்கும் முறை அது. பயிற்சி இல்லாமல் குழந்தையை அழவைப்பதற்கு ஒரு பதிவேடு மதிப்பெண் ஈடாகாது. படிக்கும்போது ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: தாயைவிட்டு அதிகம் பிரிந்தே பழகாத குழந்தை அந்த அறையில் எப்படி அழும்? ஜப்பானில் செய்தபோது தேற்ற முடியாமல் அழுத குழந்தைகள் கூடுதலாக இருந்ததற்கு இதைத்தான் ஒரு காரணமாகச் சொன்னார்கள். பாட்டி, சித்தி, அத்தை என்று நான்கு மடியில் வளரும் குழந்தைக்கு என்ன ஆகும் என்பது உங்கள் வகுப்பில் பேச வேண்டிய விஷயம்.

5. களத்துக்கு முன் அனுமதி

அங்கன்வாடியில் பார்க்க வேண்டுமென்றால் பணியாளர் அக்காவின் "சரி வாங்க" போதாது. துறைத்தலைவர் கடிதத்துடன் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் பருவம் தொடங்கியதுமே கொடுத்துவிடுவது நல்லது. பள்ளியென்றால் தலைமையாசிரியர்.

பிறகு பெற்றோர் ஒப்புதல். படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். என்ன செய்வீர்கள், எத்தனை நிமிடம், பெயர் எங்கும் வராது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற நான்கும் இருந்தால் போதும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் குழந்தையிடமும் கேளுங்கள்: "அக்காகூட ஒரு விளையாட்டு விளையாடுறியா?" தலையைத் திருப்பிக்கொண்டாலோ கதவைப் பார்த்தாலோ அது மறுப்பு. அத்துடன் விட்டுவிடுங்கள்.

படம், காணொலி எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தை இந்த வேலைக்கு மறந்துவிட வேண்டும். முகம் மறைத்தாலும் கூடாது.

6. தண்ணீர்ச் சோதனையைத் தமிழில் அமைத்தல்

ஏறக்குறைய எல்லாரும் செய்வது பியாஜேயின் அளவு மாறாமைச் சோதனை: பாத்திரத்தின் வடிவம் மாறினாலும் தண்ணீரின் அளவு மாறாது என்று குழந்தைக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது. எளிதாகத் தெரியும், அதனால் அதிகமாகக் கெட்டுப்போவதும் இதுதான்.

பொருள்கள்: ஒரே மாதிரியான இரண்டு ஒளிபுகும் பிளாஸ்டிக் டம்ளர், ஒல்லியாக உயரமாக ஒன்று, தண்ணீர். எவர்சில்வர் டம்ளர் உதவாது, மட்டம் தெரியாது. தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டால் மட்டம் நன்றாகத் தெரியும். ரோஸ்மில்க் நிறத்தில் கலக்காதீர்கள். ஒரு மாணவர் அப்படிச் செய்தார், பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய டம்ளரைக் காட்டினார்கள். ஆசைக்கும் அளவுக்கும் வித்தியாசம் தெரியாத தரவு அது.

படி ஒன்று: இரு டம்ளரிலும் ஊற்றி, "ரெண்டுலயும் ஒரே அளவு இருக்கா?" என்று கேளுங்கள். 'இல்லை' என்றால் குழந்தை சொல்கிறபடி சொட்டுச் சொட்டாகச் சரிசெய்யுங்கள். சமம் என்று குழந்தையே ஒப்புக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போனால் சோதனையே இல்லை.

படி இரண்டு: குழந்தையின் கண்ணெதிரே ஒன்றை ஒல்லி டம்ளரில் ஊற்றுங்கள்.

படி மூன்று: மீண்டும் கேளுங்கள். அதன்பின் "எப்படிச் சொல்றே?" என்று கேட்டு, பதிலை அப்படியே எழுதுங்கள். சரியான விடை மட்டும் போதாது, காரணமும் வேண்டும். "அதே தண்ணிதானே", "திருப்பி ஊத்தினா அவ்ளோதான் வரும்", "இது ஒசரம், ஆனா ஒல்லி" ஆகிய மூன்றும் மூன்று வகைக் காரணங்கள். தனித்தனியாகக் குறியுங்கள்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். "எது பெரிசு?" என்று கேட்டால் குழந்தை உயரமான டம்ளரைக் காட்டும். அது தவறான விடையே இல்லை, டம்ளர் பெரிசுதான். "ரெண்டும் ஒண்ணா?" என்பதும் சிக்கல். 'ஒண்ணா' என்றால் சேர்ந்து என்றும் பொருள், ஒரே மாதிரியா என்றும் பொருள். 'சமம்' பல பிள்ளைகளுக்குப் பள்ளியில்தான் அறிமுகமாகிறது. 'தண்ணி' என்ற சொல்லைக் கேள்விக்குள் கட்டாயம் வையுங்கள்: "இதுல தண்ணி அதிகமா, அதுல தண்ணி அதிகமா, இல்ல ரெண்டுலயும் ஒரே அளவு தண்ணியா?" அந்த வீட்டில் அதிகத்துக்கு எந்தச் சொல் புழங்குகிறதோ அதைப் போடுங்கள். நெறைய, ஜாஸ்தி, தெற்கே 'கூட'. முதலில் இரண்டு மிட்டாயையும் ஐந்து மிட்டாயையும் வைத்துக் கேட்டால் எந்தச் சொல் பிடிபடுகிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியில் சொன்னதையே திருப்பிச் சொல்லும் பழக்கம் சிறு பிள்ளைகளுக்கு உண்டு. மூன்று தெரிவுகளின் வரிசையை ஒவ்வொரு குழந்தைக்கும் மாற்றுங்கள்.

அக்காவாக உட்காருங்கள், மிஸ்ஸாக வேண்டாம். 'மிஸ்' ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் முதல் விடை தப்பு என்று நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. ரோஸ், பிளாங்க் என்ற இருவர் 1974-இல் ஊற்றிய பிறகு ஒரே ஒரு முறை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள், ஆறு வயதுப் பிள்ளைகளின் விடைகள் மேம்பட்டன. உங்கள் குழுவில் பாதிப் பேருக்கு ஒருமுறையும் பாதிப் பேருக்கு இருமுறையும் கேட்டால் அதுவே நல்ல புராஜெக்ட்.

ஒரு சிறுவன் காலி டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதான் அதுல கம்மி" என்றான். மாணவி 'தவறு' என்று போட்டிருந்தார். அவன் சொன்னது உண்மை! காரணத்தைக் கேட்டு எழுதாவிட்டால் இந்தப் பிள்ளை தோற்றவர் பட்டியலில் போயிருப்பான்.

7. விளையாட்டை எண்ணுதல்

மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வகுத்த ஆறு வகை இன்றும் பாடத்தில் உண்டு: எதிலும் ஈடுபடாமை, வேடிக்கை பார்த்தல், தனி விளையாட்டு, பக்கத்தில் இருந்தும் தனித்தனி, சேர்ந்து, கூட்டாகத் திட்டமிட்டு. ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம் பாருங்கள், குறியுங்கள், அடுத்த குழந்தைக்குப் போங்கள். வரிசையை முன்பே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் கண் தானாகவே சத்தம் போடும் பிள்ளையிடம் போய்விடும்.

இருவர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். 20 நிமிடத்தில் 16-இல் ஒத்துப்போனால் 80 விழுக்காடு. அதைக் கண்டு மகிழாதீர்கள். இருவருமே 15 முறை 'பக்கத்தில் தனித்தனி', 5 முறை 'தனி' என்று போட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலே 62.5 விழுக்காடு ஒத்துப்போகும். அதைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் கப்பா அளவு 0.47தான் வருகிறது. அப்படியானால் வகைகளின் விளக்கத்தைத் திருத்தி மறுபடி தொடங்க வேண்டும்.

8. எத்தனை பிள்ளைகள்?

4 வயதினரையும் 7 வயதினரையும் ஒப்பிட்டு 'சரி/தவறு' எண்ணினால், ஒரு குழுவில் பத்துக்குக் குறையக் கூடாது. எட்டுப் பேர் என்றால் எதிர்பார்ப்பு எண்களில் (இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் வர வேண்டிய எண்ணிக்கை) ஒன்றாவது 4 அல்லது அதற்கும் கீழே வரும், கை-ஸ்கொயர் அப்போது நம்பத்தக்கதன்று. சிறு எண்ணிக்கைக்கும் பொருந்தும் ஃபிஷரின் எக்ஸாக்ட் டெஸ்ட்டுக்குப் போக வேண்டும். இரு குழுவையும் ஒரே பள்ளியிலிருந்து எடுங்கள். வெவ்வேறு பள்ளியென்றால் வித்தியாசம் வயதாலா பள்ளியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

9. சோதனைப் பெட்டியும் எண்ணும்

ஆய்வகத்தில் செகுவின் ஃபார்ம் போர்டு (மரத்துண்டுகளை அவற்றின் வடிவக் குழிகளில் பொருத்தும் பலகை), மாலினின் நுண்ணறிவு அளவுகோல் போன்ற நுண்ணறிவுச் சோதனைகள் இருக்கும். எப்படி வைப்பது, எப்படி நேரம் பார்ப்பது என்று கற்பதற்காகத்தான் அவை. வந்த எண்ணைப் பெற்றோரிடம் சொல்லாதீர்கள். பயிற்சியில் இருப்பவர் எடுத்த எண் ஒரு குழந்தையின் மேல் பல ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.

10. குழந்தை ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால்

இதை முதல் நாளே துறையில் பேசி வையுங்கள். பேச்சுவாக்கில் தன்னை யாரோ தவறாகத் தொட்டதாகக் குழந்தை சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. காப்பாற்ற முடியாத வாக்கு அது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012, 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் எவரும் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். மறைப்பது தண்டனைக்குரியது.

துருவிக் கேட்காதீர்கள். சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு, அன்றே வழிகாட்டி ஆசிரியரிடம் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 கைப்பேசியில் இருக்கட்டும்.

11. அறிக்கையும், அம்மாவின் கேள்வியும்

முறைப்பகுதியை முதலில் எழுதுங்கள், களத்திலிருந்து வந்த அதே வாரத்தில். கேட்ட கேள்வியைத் தமிழில் அப்படியே கொடுத்துவிட்டு அதன்கீழ் மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். வாய்மொழித் தேர்வில் நல்ல தேர்வாளர் அதைத்தான் கேட்பார். பாதியில் எழுந்து போன பிள்ளைகளையும் எண்ணிக்கையோடு குறிப்பிடுங்கள். அவர்களை மறைத்தால் எல்லாரும் ஒத்துழைத்தது போன்ற பொய்த்தோற்றம் வரும்.

வேலை முடிந்து கிளம்பும்போது வாசலில் ஓர் அம்மா கேட்பார்: "என் பையன் தப்பாச் சொல்லிட்டானாமே, மந்தமா இருக்கானா?" புள்ளிவிவரம் பேசாதீர்கள். "இல்லக்கா, நாலு வயசுல பெரும்பாலான பிள்ளைங்க அப்படித்தான் சொல்வாங்க. ஏன் அப்படிச் சொல்றாங்கன்னு பாக்கத்தான் வந்தோம்" என்றால் போதும். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவர் உண்மையிலேயே கவலைப்பட்டுச் சொன்னால் அதற்கு நீங்கள் விடை சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு எந்தக் கிழமை போகலாம் என்று முன்கூட்டியே விசாரித்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நோட்டுக்குள் வைத்திருங்கள். அதை எடுத்துக் கொடுங்கள்.